ஏழாம் மரத்து விதைப் பேணி

கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டபோது கோணாமலையின் வாய்க்குள் அரை வாழைப்பழம் இருந்தது.

“றஹ்மான் நானா! எங்களையுமெல்லோ சேர்த்துப் பூட்டிப்போட்டான்!”

“கேட்டது,” என்றார் கலீலுர் றஹ்மான். “நீ பழத்தை முழுங்கிப்போட்டுக் கத்து. தொண்டைக்குள்ள இறுகினா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகவும் எங்கட்டத் திறப்பு இல்ல.”

கள்ளனைப் பிடிக்க வாருங்கள் என்று ஜீப் அனுப்பிக் கூப்பிட்டவன், கள்ளனோடு சேர்த்துப் பூட்டினால் எந்த மனுசனுக்குத்தான் பழம் இறங்கும்? கோணாமலை கதவில் இரண்டு குத்து விட்டான். வெளியே நின்ற கடற்படை லெப்டினன்ட் ஆங்கிலத்தில் ஏதோ உறுமினான். றஹ்மான் அதைத் தமிழாக்கினார்.

“மாலைச் சங்கு ஊதும்வரைக்கும் ஒருத்தரும் வெளியே போக ஏலாதாம். அதுக்குள்ள களவு போன விதைப் பேணி கிடைச்சா எல்லாருக்கும் தேத்தண்ணி. கிடைக்காட்டி அந்தப் பிள்ளையைக் கொழும்புக்குக் கப்பல் ஏத்துறாராம். பட்டாளக் கோடு, ராணுவ நீதிமன்றம், விசாரிக்குமாம். யுத்தச் சாமான் திருடினா என்ன தண்டனை எண்டு உனக்குத் தெரியும்தானே.”

“எங்களை?”

“எங்களைப் பற்றி அவர் இன்னும் யோசிக்கேல்லையாம்.”

கோணாமலை சல்லி என்ற கடற்கரை ஊர்க்காரன். கடலைப் பார்த்தபடி பிறந்து கடலைப் பார்த்தபடி வளர்ந்தவன். நாலு சுவருக்குள் அடைத்தால் அவனுக்கு மூச்சு முட்டும். இந்த நாலு சுவரோ சும்மா சுவர் அல்ல. ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையில் நின்ற பழைய உப்புக் கிட்டங்கி அது. போன வருஷம் யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு யன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டி, கூரை தொடுகிற உயரத்துக்கு மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். காற்று என்ற ஒன்று அந்தப் பக்கம் வந்து கன நாளாகியிருக்கும். ஒரு மேசை, அதன் மேல் ஒரு விளக்கு, இரண்டு கதிரை, ஒரு நீள வாங்கு, மூலையில் ஒரு தண்ணீர்க் கூசா. அவ்வளவுதான்.

உள்ளே இருந்த மற்ற இருவரில் ஒருவர் டாக்டர் சிவகுரு. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மரஞ்செடி படித்த டாக்டர். மலைநாட்டில், மலேரியாக் குளிர்காய்ச்சலுக்கு மருந்தான கொயினா எடுக்கிற மரம் வளர்க்கிற தோட்டமொன்றுக்குப் பெரியவர். கொயினா விளைந்த யாவாத் தீவு யப்பான்காரன் கையில் போனதோடு உலகத்துக்கே கொயினாப் பஞ்சம் வந்துவிட்டது. குண்டுக்குத் தப்பின பட்டாளக்காரன் குளிர்காய்ச்சலில் போய்க்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான், டாக்டர் தன் தோட்டத்து ஏழாம் மரத்தைப் பற்றி முன்பு எழுதியது மேலிடத்துக்கு நினைவு வந்தது. மற்ற மரங்களை விட இரண்டு மடங்கு கொயினா அதன் பட்டையில் இருக்கிறதாம். விதையைக் கொண்டுவாருங்கள், ஆபிரிக்காவில் காடு காடாய் நடுகிறோம் என்று தந்தி வந்தது. மெழுகால் முத்திரை வைத்த தகரப் பேணியோடு டாக்டரும் திருகோணமலைக்கு வந்து இறங்கினார்.

மற்றவள் புஷ்பவதி. திரியாயில் பிறந்தவள். தோட்டத்தில் டாக்டருக்குக் கீழே வேலை. வாங்கின் ஓரத்தில் குறண்டிப்போய், இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு இருந்தாள்.

நடந்தது இதுதான். காலையில் டாக்டர் பேணியை லெப்டினன்டுக்குக் காட்டிவிட்டுத் தன் தோல் பையில் வைத்தார். பிறகு இறங்குதுறைப் பக்கம் இருந்த குழாயில் முகம் கழுவப் போனார். திரும்பி வந்தால் பை திறந்து கிடக்கிறது, பேணி இல்லை. அறைக்குள் இருந்தவள் புஷ்பவதி மட்டும். அவள் வெளியே வரவில்லை என்று வாசல் காவல்காரன் சத்தியம் பண்ணினான். அவளுடைய மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள், மண்மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள், தரைப் பலகையையும் பெயர்த்தார்கள். பேணியைக் காணோம். அவளும் வாயைத் திறக்கிறாள் இல்லை. வாயைத் திறக்காதவள்தான் கள்ளி என்று லெப்டினன்ட் முடிவு கட்டிவிட்டான்.

“நானா,” என்றான் கோணாமலை, மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு. “இன்னொரு களவு. என்ரை வெத்திலைப் பேணியையும் காணேல்லை. இஞ்சை வரேக்கை இருந்தது. என்ரை மனுசி வள்ளியம்மா என்னைக் கொல்லுவாள்.”

“முதல்ல ஒரு பேணியைத் தேடுவம்,” என்றார் றஹ்மான். கதிரையை இழுத்து டாக்டருக்கு முன்னால் போட்டார். துறைமுகச் சுங்கத்தில் ஆயுசில் பாதியைக் கழித்த கிண்ணியாக்காரர் அவர். பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்க்க மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். “ஐயா, உங்கட மரம் என்ன அப்பிடி விசேசம்?”

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. வியர்வை மட்டும் நின்றபாடில்லை. குளிர்நாட்டு மனுசன், பாவம். கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார், பிழிந்தார், மறுபடியும் துடைத்தார். அது முழுதும் நனைந்துபோகவே, “தம்பி, உம்மடை துவாயை ஒருக்கால் தாரும்,” என்று கோணாமலையின் தோளிலிருந்து உருவியே எடுத்துக்கொண்டார்.

“கேளும்,” என்றார். “எந்தச் சீவனிலையும் கண்ணுக்குத் தெரியாத நூல்துண்டுகள் மாதிரிச் சில இருக்கு. குரோமசோம் எண்டு சொல்லுறது. தாயிட்டையிருந்து ஒரு கட்டு, தகப்பனிட்டையிருந்து ஒரு கட்டு. மற்ற மரங்களுக்கு ரெண்டு கட்டு. என்ரை ஏழாம் மரத்துக்கு மூண்டு கட்டு! அதுதான் இலை பெரிசு, பட்டை தடிப்பு, கொயினா கூடுதல். ஏன், இந்தத் தம்பி தின்னுற வாழைக்கும் மூண்டு கட்டுத்தான். அதுதான் அவ்வளவு சதைப்பத்து.”

“கேட்டியளே நானா, நான் சும்மா பழம் தின்னேல்லை. ஆராய்ச்சி பண்ணுறன்,” என்று கோணாமலை அடுத்த பழத்தை உரித்தான்.

மேசையில் டாக்டரின் நுண்ணோக்கிக் கண்ணாடி இருந்தது. கப்பல்காரருக்குக் காட்டவென்று கொண்டுவந்தது. றஹ்மான் அனுமதி கேட்காமலே கண்ணாடித் துண்டுகள் இருந்த பெட்டியைத் திறந்து, நாலு என்று இலக்கம் எழுதியிருந்த ஒன்றை எடுத்து வைத்துக் குனிந்தார்.

“இது என்ன ஐயா, சிவப்புச் சிவப்பா உருண்டை?”

“அது நாலாம் மரத்துப் பூவின்ரை மகரந்தம். மை ஊத்தினா உயிருள்ளது சிவக்கும். அதெல்லாம் உமக்கு ஏன்?”

றஹ்மான் அதற்குள் ஏழு என்று எழுதியிருந்ததை வைத்துவிட்டார். கனநேரம் பார்த்தார். பிறகு கோணாமலையைக் கூப்பிட்டுக் காட்டினார். கோணாமலை ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தான்.

“இதிலை சிவப்பைக் காணேல்லை. எல்லாம் சுருங்கிப்போய் வெறுங்கோது. வள்ளியம்மா நெல்லுப் புடைக்கேக்கை பறக்கிற பதர் மாதிரி.”

“மை பழுதாய்ப் போச்சு,” என்று டாக்டர் கண்ணாடித் துண்டை வெடுக்கென்று உருவினார். “கள்ளி அந்தா இருக்கிறாள். நீங்கள் என்ரை சாமானை நோண்டுறியள்! அவளைக் கொண்டுவந்தது என்ரை பிழை. பிள்ளை இல்லையெண்டு புருஷன் துரத்திவிட்டவள். ராசியில்லாத கை. அந்தக் கை பட்டது எது விளங்கினது?”

கோணாமலைக்கு நாக்கில் சனி. பகிடி வந்தால் விழுங்கத் தெரியாது. “அப்ப இவவை யப்பான்காரன்ரை வயலுக்கு அனுப்பியிருக்கலாமே. யுத்தம் எப்பவோ முடிஞ்சிருக்கும்,” என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. புஷ்பவதி முந்தானைக்குள் இருந்த கைகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அதைக் கண்டதும் கோணாமலைக்குத் தன் வாயில் தானே அறையலாம் போல வந்தது. சீ, என்ன கதை கதைத்தேன் என்று மனதுக்குள் தன்னைத்தானே திட்டித் தீர்த்தான். பாதிப் பழத்தை மேசையில் வைத்துவிட்டான்.

வெளியே தண்ணீரில் ஒரு படகின் இயந்திரம் இருமி இருமி உயிர்பெற்றது. அவளைக் கொண்டுபோக வந்த படகு. சங்கு ஊத அதிக நேரமில்லை.

றஹ்மான் வாங்கின் மற்ற ஓரத்தில் போய் இருந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“தங்கச்சி, பேணியை மட்டும்தான் நாங்க தேடுறம். உங்கட கையில பேணி இல்ல. அப்ப கையை ஏன் ஒளிக்கிறீங்க?”

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இவர் நாலு பேருக்கு முன்னால ராசியில்லாத கை எண்டார். இண்டைக்குத்தான் சொன்னாரா, முந்தியும் சொல்லியிருக்காரா?”

ஒரு நாள் முழுக்க அவள் அடைத்து வைத்திருந்தது உடைந்துகொண்டு வந்தது.

“முந்தியும் சொன்னவர். பிழை என்னிலைதான் ஐயா. ஏழாம் மரத்துப் பூவெல்லாத்துக்கும் நாலாம் மரத்து மகரந்தத்தைத் தூரிகையாலை தடவி, மெல்லிசுத் துணியாலை பை கட்டுறது என்ரை வேலை. வருஷா வருஷம் பூத்தது. வருஷா வருஷம் கட்டினனான். எல்லாப் பூவும் கொட்டிப்போச்சு. ஒரு காய் பிடிக்கேல்லை. ஐயா என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு ஒரு கொப்பைத் தன்ரை கையாலை கட்டினவர். அந்தக் கொப்பு காய்ச்சதெண்டு சொன்னவர். எங்களுக்குக் காட்டேல்லை. இதை நான் எப்பிடி அந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறது? காய்ச்சலிலை சாகிற ஆக்களுக்கு மருந்து இல்லாமல் போனது என்ரை கையாலை எண்டு சொல்லவோ?”

களவு எடுத்தாயா என்று கேட்டவர்களுக்கு அவள் வாய் திறக்காமல் இருந்தது இதற்காகவா! தூக்கில் போட்டாலும் போடட்டும், இதை மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று அல்லவா இவள் இருந்திருக்கிறாள்!

“சரி,” என்றார் றஹ்மான். “நாலாம் மரத்துக்கு யார் பை கட்டினது?”

“அதுக்கும் நான்தான்.”

“அது காய்ச்சதா?”

“ஓம். கொத்துக் கொத்தாய்க் காய்ச்சது.”

“அதே கைதானே?”

புஷ்பவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

றஹ்மான் எழும்பிக் கதவில் இருந்த சின்னத் துவாரத்தைத் தட்டினார். காவல்காரனோடு ஏதோ குசுகுசுத்தார். காவல்காரன் தோளைத் தொட்டுக் காட்டினான், பிறகு இல்லை என்று தலையாட்டினான், பிறகு சப்பாத்துச் சத்தம் கேட்க ஓடினான். றஹ்மான் கூசாவுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டியபடி நெடுநேரம் நின்றார். தண்ணீர் குடிக்கிறார் என்று கோணாமலை நினைத்தான்.

அவர் திரும்பியபோது கையில் நனைந்த துணியால் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதை மேசை நடுவில் வைத்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். ஐயா, உங்கட விதைப் பேணி கிடைச்சிட்டு.”

டாக்டர் துள்ளி எழும்பினார். கதிரை பின்னால் சரிந்தது.

“இருக்க ஏலாது!”

“ஏன் ஐயா? கப்பல் இன்னும் போகேல்ல. இப்பவே உடைச்சு, ஒரு சிட்டிகை ஈரத்துணியில போட்டு முளைக்குதா எண்டு பார்க்கச் சொல்லி லெப்டினன்டிட்டக் குடுப்பம்.”

“இது என்ரை பேணி இல்லை! ஆரோ மாத்திப்போட்டாங்கள். இதுக்குள்ளை இருக்கிறது ஏழாம் மரத்து விதை இல்லை!”

“துணியை நான் இன்னும் அவிழ்க்கேல்லயே,” என்றார் றஹ்மான்.

றஹ்மான் துணியை மெதுவாக அவிழ்த்தார்.

“என்ரை வெத்திலைப் பேணி!” என்று கத்தினான் கோணாமலை. “நானா, அப்ப கள்ளன் நீங்களோ?”

“கதவு பூட்டினவுடனேயே உன்ர மடியில இருந்து எடுத்தனான். எதுக்கும் ஒரு பேணி கையில இருக்கட்டும் எண்டு.” அவர் டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சாமான் துலைச்சவன், கிடைச்சிட்டு எண்டா பாய்ஞ்சு வந்து தூக்குவான். நீங்க பின்னுக்குப் போனீங்க. ஏனெண்டா அப்பிடி ஒரு விதை உலகத்திலயே இல்ல எண்டு உங்களுக்குத் தெரியும். கோணாமலை, அந்தப் பழத்துக்குள்ள விதை இருக்கா?”

“வாழைப்பழத்துக்குள்ளை விதையோ? கறுப்பாய்ச் சின்னப் புள்ளிதான்.”

“வாழை நடுறது எப்பிடி?”

“குட்டி பிடுங்கித்தான்.”

“மூண்டு கட்டு வாழைக்கு விதை இல்ல. மூண்டு கட்டு மரத்துக்கு மட்டும் எங்கயிருந்து வந்தது? கரைவலை இழுக்கக்குள்ள ரெண்டு கயித்துக்கும் சரிபாதி ஆள் வேணும். ஒரு ஆள் மிஞ்சினா என்ன நடக்கும்?”

“வலை கோணும். மீன் எல்லாம் போயிடும்.”

“ரெண்டு கட்டைச் சரிபாதியாப் பிரிக்கலாம். மூண்டு கட்டைப் பிரிக்கேலாது. அதுதான் அந்த மரத்து மகரந்தம் எல்லாம் பதர், வேற மரத்து மகரந்தத்தைத் தடவினாலும் அதின்ர பூ காய்க்காது. நான் படிச்சவன் இல்ல ஐயா. வாழைக்கதை நீங்க சொல்லித் தந்தது. பதரையும் உங்கட கண்ணாடிதான் காட்டினது.”

டாக்டர் மறுபடியும் முகத்தைத் துடைத்தார். கோணாமலையின் துவாயால்தான். றஹ்மான் அதைச் சுட்டிக் காட்டினார்.

“காலையில முகம் கழுவப் போகக்குள்ள உங்கட தோள்ல ஒரு துவாய் கிடந்ததாம். வரக்குள்ள இல்லையாம். இந்தப் புழுக்கத்தில கைலேஞ்சியைப் பிழிஞ்சு பிழிஞ்சு துடைக்கிற மனுசன், தன்ர துவாய் எங்க எண்டு ஒருக்காக்கூடக் கேட்கேல்ல. பேணி மட்டும் எறிஞ்சா மிதக்கும். கல்லோட சேர்த்துச் சுத்தினா தாழும். அதை எடுக்கத்தான் இறங்குதுறைக்கு ஒரு சுழியோடியை—”

அப்போதுதான் சங்கு ஊதியது.

துறைமுகம் முழுவதும் அலறியது போல இருந்தது. கதவு திறந்தது. லெப்டினன்டும் இரண்டு ஆட்களும் உள்ளே வந்தார்கள். றஹ்மான் ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னதை லெப்டினன்ட் கேட்டுக்கொண்டே கையை அசைத்தான். கதை வேண்டாம், பேணி எங்கே? ஒருவன் புஷ்பவதியின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினான். கோணாமலை குறுக்கே போய் நின்றான். நிற்கச் சொல்லி அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. துவக்கின் பின்பக்கம் நெஞ்சில் இடித்தபோதும் அவன் விலகவில்லை.

“கொஞ்சம் பொறுங்கோடா கோதாரிகளே! ஒரு சுழியோடி மேலை வர எவ்வளவு நேரம் வேணுமெண்டு எனக்குத் தெரியும்!”

அவன் சொன்னது தமிழில்தான். ஆனாலும் அவர்கள் ஒரு கணம் நின்றார்கள். அந்தக் கணத்துக்குள் வாசலில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. காவல்காரன் ஓடிப்போய்க் கூட்டி வந்த மூதூர்ச் சுழியோடி, இறங்குதுறைக்குக் கீழே கிடந்து கறுத்து நனைந்த ஒரு பொட்டலத்தை நிலத்தில் போட்டான். துவாய், ஒரு கருங்கல், மெழுகு வைத்த பேணி. லெப்டினன்ட் பேனாக்கத்தியால் முத்திரையை உடைத்துக் கையில் கொட்டினான். முகர்ந்து பார்த்தான். சுத்தமான மலைநாட்டுத் தேயிலைத் தூசு.

“தேத்தண்ணி தாறன் எண்டவருக்குத் தேயிலையையும் நாங்களே எடுத்துக் குடுக்க வேண்டியதாப் போச்சு,” என்றான் கோணாமலை.

டாக்டர் சிவகுரு நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்த மரத்தைப் பற்றி எழுதியபோது எல்லாரும் தலையில் தூக்கி வைத்தார்கள், யாவா போன பிறகு விதை எங்கே என்று தந்திக்கு மேல் தந்தி வந்தது, இல்லை என்று எழுதக் கை வரவில்லை என்றார். முளைக்காத விதையைக் கொடுத்தால் பொய் பிடிபடும். களவு போன விதையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அவரை நடத்திக்கொண்டு போகும்போது புஷ்பவதி வாசலை மறித்தாள். அந்த நாளில் அவள் அவரோடு பேசிய ஒரே பேச்சு அதுதான்.

“ஐயா, ஏழாம் மரத்து மகரந்தம் செத்தது எண்டு எப்ப அறிஞ்சனீங்கள்?”

டாக்டர் அவளைச் சுற்றிப் போகப் பார்த்தார். அவள் விலகவில்லை.

“முதல் பூவிலையே,” என்றார் கடைசியாக.

“முதல் பூவிலையே தெரியும். பிறகும் என்னைக் கொண்டு கட்டுவிச்சனீங்கள். ஒவ்வொரு பூவுக்கும் என்னை ஏசினனீங்கள். என்ரை தங்கச்சியின்ரை பிள்ளைக்கு ஒருவாய் சோறு தீத்தக்கூட நான் பயந்தனான்!”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோணாமலைக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்காக வந்திருந்த படகில் ஏறினார்.

வெளியே கடற்காற்று வீசியது. கோணாமலை அதை வயிறு நிறைய இழுத்தான். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற புஷ்பவதியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் வாய்க்கு ஒரு பகிடியும் வரவில்லை.

“அக்கா, உள்ளுக்கை நான் ஒரு கதை கதைச்சுப்போட்டன். மனசிலை வையாதேங்கோ.”

அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

“சல்லியிலை எங்கட வளவுக்கை வள்ளியம்மா பயித்தங்காய்க்கு நிலம் கொத்திப் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை விதை போடவேணும். ஊருக்குப் போற வழிதானே. வந்து, முதல் விதையை உங்கட கையாலை போட்டுத் தாங்கோ.”

“விசர்க்கதை கதையாதேங்கோ தம்பி. முளைக்காட்டி?”

“முளைக்காட்டி விதை பழுது எண்டு கடைக்காரனோடை சண்டைக்குப் போவன். உங்களோடை ஏன் வாறன்?”

றஹ்மான் ஜீப்புக்குள் இருந்தபடி சிரித்தார். புஷ்பவதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாறன்,” என்றாள். முந்தானையை விலக்கி, இரண்டு கையாலும் ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏறினாள்.